அட்டையில் எழுதாத வசனம்

நான் இப்படி வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதைப் பார்த்துப் பல்வலி என்று நினைத்துவிடாதீர்கள். பல்லெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. இந்த பஸ்ஸில் நமக்கு முன் சீட்டில், ஜன்னல் ஓரமாக, மடியில் பெரிய பையை வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே, பச்சைப் புடவை, அவள் என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு அக்கா. பேர் குணவதி. காது சுத்தமாகக் கேட்காது. காது கேட்காதவளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு எதற்கு வாயைப் பொத்துகிறாய் என்றுதானே பார்க்கிறீர்கள்? அவள் எப்போது திரும்புவாள் என்று யாருக்குத் தெரியும்? காதில் விழாது, சரி. கண்ணில் விழுந்தால் போதும். உதடு அசைந்தால் படித்துவிடுவாள்.

ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது போயிற்றாம். அதுவரைக்கும் பேசிக்கொண்டிருந்தவள் என்பதால் கொஞ்சம் பேசுவாள், கரகரவென்று. ஆனால் மற்றவர்கள் பேசுவதை அவள் பிடிக்கிற பிடி இருக்கிறதே! எதிர்வீட்டு மாடியில் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் எங்களுக்குச் சத்தம்கூட வராது. இவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "அவ அம்மா வீட்டுக்குப் போறேங்கிறா, அவன் ஆட்டோ கூப்பிடட்டுமாங்கிறான்" என்று எனக்குச் சொல்லுவாள். டி.வி.யில் வடநாட்டுச் சீரியல் போட்டால் எழுந்து போய்விடுவாள். உதடு ஒன்று சொல்கிறது, கீழே ஓடுகிற எழுத்து ஒன்று சொல்கிறது, தலை வலிக்கிறது என்பாள். நம் சினிமாவிலேயே கதாநாயகிகள் பாதிப் பேர் தமிழ் தெரியாமல் ஒன்று இரண்டு மூன்று சொல்லித்தானே நடிக்கிறார்கள்? அப்பா செத்துக் கிடக்கிற காட்சியில் எல்லாரும் அழுதுகொண்டிருப்போம், இவள் மட்டும் சிரிப்பாள். "நாப்பத்தாறு, நாப்பத்தேழுன்னு எண்ணுறா அமிர்தம்!" அமிர்தம் நான்தான்.

இப்போது நாங்கள் போவதும் சினிமாவுக்குத்தான். நான் நடித்த சினிமா.

என்னை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? இருக்கும். ஆனால் எங்கே என்று உங்களால் சொல்ல முடியாது. கல்யாணப் பந்தியில், ஆஸ்பத்திரி வராந்தாவில், கலவரத்தில் ஓடுகிற கூட்டத்தில் நான் இருப்பேன். இருபத்தேழு வருஷமாகத் துணை நடிகை. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றுபோயிற்று, வேறு என்ன தெரியும்? ஏஜென்ட் கூப்பிட்டால் விடிவதற்குள் கிளம்பிப் போவேன். பிணத்தைச் சுற்றி நிற்கச் சொன்னால் நிற்பேன், மயங்கி விழச் சொன்னால் விழுவேன். மயங்கி விழுவதில் எனக்கு நல்ல பேர் உண்டு, கை கால் அடிபடாமல் விழுவேன். ஒரு படத்தில்கூட எனக்கு ஒரு வரி வசனம் கிடையாது.

கடைசியில் ஒரு படத்தில் என் முகத்தைத் திரை முழுக்கக் காட்டுகிறார்கள். அது வசனமே இல்லாத படம். என் ராசி அப்படி.

நிரஞ்சன் என்று ஒரு பையன், இன்ஜினியரிங் படித்தவன், அவன்தான் டைரக்டர். நூறு வருஷத்துக்கு முன்னால் சினிமா பேசாமல் இருந்ததாமே, அதற்கு மரியாதை செய்கிற மாதிரி அதே முறையில் ஒரு படம் எடுக்கிறேன் என்று கிளம்பிவிட்டான். கறுப்பு வெள்ளை. பேச்சு கிடையாது. நடுநடுவே கறுப்பு அட்டையில் வெள்ளை எழுத்து வரும், அதுதான் வசனம். படத்தைப் போடும்போது திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆர்மோனியமும் தபலாவும் வாசிப்பார்கள். மாவரைக்கிற மாதிரி கையால் சுற்றுகிற ஒரு பழைய காமிராவை எங்கேயோ பிடித்து ரிப்பேர் செய்து வைத்திருந்தான். அவனே சுற்றுவான், சுற்றும்போது வாய்க்குள் எண்ணிக்கொள்வான். எங்களுக்கு முகம் முழுக்க வெள்ளைப் பவுடர், கண்ணைச் சுற்றி மை, உதட்டில் கறுப்புச் சாயம். அந்தக் காலத்தில் அப்படித்தானாம், அப்போதுதான் வாய் தெளிவாகத் தெரியுமாம். தெளிவாகத் தெரிந்து தொலைத்ததுதான் என் தலையெழுத்து.

ஊமைப்படம் என்று அவன் சொல்லுவான். ஊமை என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் சொல்லக் கூடாது. சின்ன வயதில் தெருவில் குணவதியை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அதனால் நான் வீட்டில் போய், "அண்ணி, அட்டைப் படம்" என்றேன். அவள் கண் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே! "அப்ப எனக்கு எல்லாம் புரியும். உங்களுக்குப் புரியிற அளவு எனக்கும் புரியும்" என்றாள். அன்றைக்கே அவளுடைய காது கேளாத பெண்கள் சங்கத்தில் சொல்லிவிட்டாள். இருபத்திரண்டு பேர் வருகிறார்கள் இன்றைக்கு. இருபத்திரண்டு பேரும் உதட்டைப் படிக்கிறவர்கள்.  அதற்கு எதற்கு இந்தப் பயம் என்கிறீர்களா?

சொல்கிறேன், சொல்கிறேன். அன்றைக்கு நடந்ததைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

அன்று காலை நான் பல் தேய்த்துவிட்டு வருகிறேன், அவள் போனை எதிரில் நிறுத்தி வைத்துக்கொண்டு என் பையனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருக்கிறாள். தினகர், எனக்கு ஒரே பையன், ஓசூரில் கம்பெனி வேலை. போன வருஷம்தான் கல்யாணம் ஆயிற்று. அவர்கள் இரண்டு பேரும் சத்தமே இல்லாமல் பேசுவார்கள். வெறும் வாய் அசைப்பு, விரல் அசைப்பு, நடுவில் ஒரு சிரிப்பு. பெற்றவள் நான் பக்கத்தில் நிற்கிறேன், ஒரு சத்தம் கிடையாது. நான் எட்டிப் பார்த்தேன். மருமகள் ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டுகிறாள். "என்ன அண்ணி?" என்று தோளைத் தொட்டுக் கேட்டேன். "ரோஷினி முழுகாம இருக்கா, மூணு மாசம்" என்றாள். மூன்று மாசம்! இவளுக்கு அது முதல் மாசமே தெரியும்.

"ஏண்டா, எனக்கு ஏன் சொல்லலே?" என்றேன் போனில்.

"நீ ஷூட்டிங்ல இருப்பியேன்னு அத்தைகிட்ட சொன்னேம்மா."

ஷூட்டிங்கில் இருப்பேனாம். அவன் பிறந்ததிலிருந்து நான் ஷூட்டிங்கில்தான் இருந்தேன், யாருக்காக இருந்தேன்? விடியற்காலையில் போனால் அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அவள். ஜுரம் வந்தால் மடியில் போட்டுக்கொண்டது அவள். அவனுக்குப் பேச்சு வருவதற்கு முன்னாலேயே வாய் அசைக்க வந்துவிட்டது. இதெல்லாம் அவள் எடுத்துக்கொண்டது, நான் கொடுத்தது இல்லை. இருபத்தேழு வருஷமாக என் வீட்டில் ஒரு ஆள் அதிகம், அதை எந்த மருமகளாவது தாங்குவாளா? வீட்டுப் பத்திரம் அவள் பேரில் இருக்கிறது, அது வேறு விஷயம். மாமியார் சாகும்போது எழுதி வைத்துவிட்டார்கள். பத்திரத்திலா குடியிருக்கிறோம்? கூட்டிப் பெருக்கி விளக்கேற்றி வைக்கிறவர்களுக்குத்தான் வீடு. சரி, கூட்டுவது அவள்தான். எனக்கு முதுகுவலி.

அந்த எரிச்சலோடு படப்பிடிப்புக்குப் போனேன். அன்று பெரிய காட்சி. ஏழைத் தங்கை பணக்கார அண்ணன் வீட்டு வாசலில் நின்று, கதவைத் திறக்கச் சொல்லிக் கதறுகிறாள். அதற்கு ஒரு நாடக நடிகையை வரச் சொல்லியிருந்தார்கள், அந்த அம்மாவுக்கு அம்மை போட்டுவிட்டது. நிரஞ்சன் எங்கள் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தான், என்னிடம் நின்றான். "அக்கா, நீங்க வாங்க. உங்க முகத்துல இன்னைக்கு என்னமோ இருக்கு" என்றான்.

இருக்காதா?

"தம்பி, நான் என்ன பேசணும்?"

"என்ன வேணா பேசுங்கக்கா. அட்டையில 'அண்ணா, கதவைத் திற!'ன்னு போட்டுக்குவேன். நீங்க பேசுறது ஒருத்தருக்கும் கேக்காது. ஆனா வயித்துலேர்ந்து வரணும்."

முதல் தடவை எனக்கு ஒன்றும் வரவில்லை. பதினாறாம் வாய்ப்பாடு சொன்னேன். அதுதான் நான் கடைசியாகப் படித்தது. அவன் காமிராவைச் சுற்றுவதை நிறுத்திவிட்டான். "அக்கா, ரேஷன் கடையில நிக்கிற மாதிரி இருக்கு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஓரத்தில் ஒருத்தர் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தார், நடிக்கிறவர்களுக்குச் சோகம் வரட்டும் என்று. அவரும் சிரித்தார். "வீட்டுல யார் மேலயாவது கோவம் இருக்கும்ல? அவங்க கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கிறாங்கன்னு நெனச்சுக்குங்க" என்றான் நிரஞ்சன்.

நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் நான் பேசவில்லை, அதுவாக வந்தது. "குணவதி, நீ எப்ப போவே?" என்றேன். அண்ணி என்றுகூடச் சொல்லவில்லை. "உனக்குக் காது இல்லேன்னு ஊரே உன்மேல பரிதாபப்படுது. எனக்கு யாரு இருக்கா? என் புருஷன் உன் தம்பி. என் பிள்ளை உன் பிள்ளை. இப்ப பேரக்குழந்தையும் உன்னுது. எனக்குன்னு என்ன விட்டுவச்சே? கதவு திறந்துதான் இருக்கு, போயேன். என் வீட்டை விட்டுப் போ. போ, போ, போ." கதவில் தலையை முட்டிக்கொண்டேன். அழுகை வந்தது, கண்மை கறுப்பாக வழிந்து வாய்க்குள் போயிற்று. நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. நிரஞ்சன் காமிராவைச் சுற்றிக்கொண்டே அழுகிறான். ஆர்மோனியக்காரர் வாசிக்காமல் உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் எல்லாரும் கை தட்டினார்கள். இருபத்தேழு வருஷத்தில் எனக்கு யாரும் கை தட்டியதில்லை. உண்மையைச் சொன்னால், வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வயிறு காலியான மாதிரி ஒரு சுகம். ராத்திரி அவள் சோறு போட்டாள், நன்றாகச் சாப்பிட்டேன்.

அவள் டிக்கெட் வாங்கிவிட்டேன் என்று சொன்ன அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தேன்.

நிரஞ்சனிடம் ஓடினேன். "தம்பி, அந்தக் காட்சியை எடுத்துடுப்பா."

"என்னக்கா நீங்க, படத்தோட உயிரே அதுதான். ஒரு நிமிஷம் முழுக்க உங்க முகம் மட்டும்தான். வெட்டவே இல்ல."

"கொஞ்சம் வெட்டேன். வாயை மட்டும் விட்டுட்டுக் கண்ணைக் காட்டேன்."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படிப்பட்ட தன்னடக்கத்தை நான் பார்த்ததே இல்லக்கா" என்றான். இவனிடம் என்ன பேசுவது?

பாசமாக இன்னொரு வேலையும் செய்தான். அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் தனியாக எடுத்து என் போனுக்கு அனுப்பிவிட்டான். 'உங்கள் நடிப்பு, பார்த்து மகிழுங்கள்' என்று. நல்ல வேளை, நான் பார்த்துவிட்டேன். போன் அன்று வீட்டில் சார்ஜில் கிடந்தது, சாயங்காலம் வேலையிலிருந்து வந்து எடுத்தேன், காலையிலேயே வந்து இறங்கியிருந்தது. தொட்டதும் ஓடுகிறது. உடனே அழித்துவிட்டேன். அழிக்க எனக்குத் தெரியும், தினகர் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அந்த ஆபத்து ஒரு மாசத்துக்கு முன்னாலேயே அப்படிப் போயிற்று.

இன்றைய ஆபத்துதான் பாக்கி. இந்த ஒரு மாசமாக நான் செய்யாத தந்திரம் இல்லை. படம் நன்றாக இல்லையாம் என்று சொன்னேன். தியேட்டரில் மூட்டைப்பூச்சி என்றேன். "உன் முகம் பெருசா வருது, மூட்டைப்பூச்சிக்காகப் பாக்காம இருப்பனா?" என்றாள். இன்று காலை மயக்கமாக இருக்கிறது என்று படுத்துக்கூடப் பார்த்தேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எழுந்திரு, நடிக்காதே" என்றாள். அதனால் ஒரே வழிதான். தியேட்டரில் அந்தக் காட்சி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் எழுந்து நின்று, அவள் மேலேயே மயங்கி விழுந்துவிடப் போகிறேன். ஒரு குதிரை வண்டி வரும், குடை பறக்கும், உடனே நான். குடை பறந்ததும் விழ வேண்டும். ஒரு நிமிஷம் அவள் என்னைப் பார்த்தால் போதும், திரையைப் பார்க்க மாட்டாள். மற்ற இருபத்திரண்டு பேரை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்கு நாத்தனார் இல்லை போலிருக்கிறது.

அவளைச் சமாளிப்பது சாதாரணம் இல்லை. அதுவும் இந்த ஒரு மாசமாக அவள் போக்கே சரியில்லை. என்னைச் சின்னப் பிள்ளை மாதிரி நடத்துகிறாள். சமையலறை டப்பா ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டி, தனியா, சீரகம், பெருங்காயம் என்று எழுதி வைக்கிறாள். எனக்குத் தெரியாதா? சரி, தேடுவேன், ஆனால் கிடைத்துவிடும். கேஸ் புத்தகம் இந்த டிராயரில், உன் புருஷன் பி.பி. மாத்திரை அந்த டிராயரில், காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்று இழுத்துக்கொண்டு போய்க் காட்டுகிறாள். தையல் மெஷினில் நூல் கோக்க என்னை உட்கார்த்திவைத்துச் சொல்லிக் கொடுத்தாள். எனக்கு எதற்கு? பீரோவில் பாதித் தட்டைக் காலி செய்துவிட்டு, "உன் புடவையைப் பரப்பி வை" என்கிறாள். இத்தனை வருஷம் அந்தத் தட்டுக்காக நான் சண்டை போட்டபோது கொடுக்கவில்லை. இப்போது என்ன தாராளம்? எல்லாம் சங்கத்துக்காரி தெரேசா கொடுக்கிற தைரியம். பல்லாவரத்தில் காது கேளாத பெண்களுக்கு ஒரு விடுதி நடத்துகிறாள், அதிலேயே தையல் கூடம் இருக்கிறது. இரண்டு தடவை வீட்டுக்கு வந்தாள். இரண்டு பேரும் என் முன்னாலேயே விரலில் பேசிக்கொண்டார்கள். தெரேசா என்னை ஒரு பார்வை பார்த்தாள், நான் என்னவோ அவள் சொத்தைத் திருடியவள் மாதிரி. குணவதி அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

இந்த ரவிக்கையும் அவள் தைத்ததுதான். பாருங்கள், தோளில் ஒரு சுருக்கம் உண்டா? என் அளவை எடுக்கவே மாட்டாள், கண்ணாலேயே தெரியும். "பெரிய நடிகை ஆயிட்டே, இதைப் போட்டுக்கிட்டு வா" என்றாள். அதைச் சொல்லும்போது என் வாயைப் பார்க்கவில்லை, அது எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. எப்போதும் என் வாயைத்தான் பார்ப்பாள். நாம் பதில் சொன்னால் தெரிய வேண்டுமே. இந்த ஒரு மாசமாக ஏதாவது சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்கிறாள். நான் பேசுவது எல்லாம் அவள் முதுகுக்குத்தான் போகிறது.

இன்றுகூடப் பாருங்கள். இங்கே எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. அவள் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். அதனால்தான் நீங்கள் இங்கே உட்கார்ந்தீர்கள். சினிமாவுக்கு எதற்கு இவ்வளவு பெரிய பை என்று கேட்டேன், அதற்கும் முதுகைத்தான் காட்டினாள். பஸ்ஸில் ஏறுவதற்கே இரண்டு கையால் தூக்கினாள்.

ஐயோ, என்ன பிரேக் போடுகிறான் இந்த டிரைவர்! கோடம்பாக்கம் பாலம் என்றால் இவர்களுக்குக் கண் தெரியாது. அடி பட்டதா உங்களுக்கு? பை கீழே விழுந்துவிட்டது, ஜிப் பிய்ந்துபோய். அவளே எடுத்துக்கொள்கிறாள், விடுங்கள். நான் உதவிக்குப் போனால் முறைப்பாள்.

அது அவள் துணி வெட்டுகிற கத்தரிக்கோல். கறுப்புப் பிடி. அதை யாரையும் தொட விட மாட்டாள், காகிதம் வெட்டினால் முனை போய்விடும் என்று தினகரைக்கூட அடித்திருக்கிறாள். அது வீட்டுப் படி தாண்டியதே இல்லை. சாணை பிடிக்கிறவனே வீட்டுக்குத்தான் வருவான்.

சினிமாவுக்குக் கத்தரிக்கோல் எதற்கு?

தலையணை உறை. பல் தேய்க்கிற பிரஷ். அது தினகரின் போட்டோ, மூன்று வயதில் எடுத்தது, தையல் மெஷினுக்கு மேலே மாட்டியிருக்கும். இன்று காலை சுவரில் ஆணி மட்டும் இருந்தது. துடைக்க எடுத்திருப்பாள் என்று நினைத்தேன்.

என்ன கேட்டீர்கள்? போனா? போன் வீட்டில் இருந்தது என்றேனே. சார்ஜில். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும். வீட்டில் யார் இருப்பார்கள், என் வீட்டுக்காரர் கம்பெனி வேனில் வேலைக்குப் போய்விடுவார், அவள்தான்...

அதைப் பார்த்திருக்கிறாள். உதட்டைப் படிக்கிறவள். உதட்டில் கறுப்புச் சாயம் வேறு.

ஒரு மாசமா? ஒரு மாசமாகத் தெரிந்துகொண்டா டப்பாவுக்கெல்லாம் பேர் எழுதினாள்? இந்த ரவிக்கையைத் தைத்தாள்? இதன் ஊக்குகூட அவள் கையால் வைத்தது. தெரிந்துகொண்டே இருபத்திரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறாளா, "என் தம்பி பெண்டாட்டி நடிச்சிருக்கா" என்று? படம் முடிந்ததும் தெரேசாவோடு அப்படியே பல்லாவரத்துக்கு... அது அவள் வீடு, அம்மா. பத்திரம் அவள் பேரில்தான் இருக்கிறது. அவளைப் போய்...

கொஞ்சம் காலை ஒதுக்குங்கள். அடுத்த ஸ்டாப்பா? வரட்டும். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அந்த அம்மாவை எழுந்திருக்கச் சொல்ல வேண்டும். பின்னாலிருந்து எதைச் சொன்னாலும் அவளுக்கு எட்டாது, முகத்துக்கு நேராகப் போக வேண்டும். என்ன சொல்வேன்? எனக்கு ஒன்றும் வரவில்லை. பதினாறாம் வாய்ப்பாடுகூட வரவில்லை. அதற்கு அட்டை எழுதிக் கொடுக்க ஒருத்தரும் இல்லையே.

அண்ணி. அண்ணி!

கூப்பிட்டு என்ன பிரயோஜனம், தோளைத் தொட வேண்டும்.

திரும்பிவிட்டாள். பார்த்தீர்களா, ஒரு மாசம் கழித்து என் வாயைப் பார்க்கிறாள்.

நீங்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். இனிமேல் பேசுவது உங்களுக்கு இல்லை.